அற்புதமும் காதலும்: அண்மையில் கற்ற நாவல்கள் நான்கு

நாவல் படித்தல் கல்வியின்பாற்படுமோ, வெறும் பொழுதுபோக்கின்பாற்படுமோ என்னும் வினா எம்மூர்ப் பாடசாலைகளில் இன்று நேற்று எழுந்ததன்று. "கதைப்புத்தகம்" என்று பெரியோர் சொல்லும்போது அச்சொல்லின்கண் ஒரு சிறு இகழ்ச்சி ஒலிப்பதை யாவரும் அறிவர். பாடப்புத்தகத்தினுள்ளே கதைப்புத்தகத்தை மறைத்து வைத்துப் படித்து, ஆசிரியரிடம் அகப்பட்டுக்கொண்டோருள் நானும் ஒருவன். பின்னர் நானே ஆசிரியனாகி, அவ்வாறே மறைத்து வைத்துப் படித்த மாணாக்கரிடமிருந்து அப்புத்தகங்களைப் பறித்ததும் உண்டு. பறித்தவற்றை மாலையில் வீட்டுக்குக் கொண்டுசென்று, திருப்பிக் கொடுக்குமுன் நானே படித்து முடித்ததும் உண்டு என்பதனை ஈண்டு ஒளியாது கூறுதல் வேண்டும்.

படிப்பித்துக்கொண்டே வெளிவாரியாகப் பட்டப் பரீட்சைக்குத் தோற்றிய ஆண்டுகளில், நூல்களெல்லாம் எனக்கு வினாக்களாகவும் விடைகளாகவுமே தோன்றின. காப்பியமாயின் பாத்திரப் பண்பு. நாவலாயின் சமூகப் பின்னணி. இவற்றைக் குறிப்பெடுத்துக்கொண்டால் போதுமென்று இருந்தேன். கதையில் அழவேண்டிய இடத்தில் அழாமல் அடிக்கோடிட்டுக்கொண்டிருந்த காலம் அது. பரீட்சைக் கவலை நீங்கிப் பல ஆண்டுகள் கழிந்த பின்னரே, ஒரு கதையைக் கதையாகப் படிக்கும் துணிவு மீண்டும் வந்தது.

சென்ற மார்கழி விடுமுறையில் நான்கு நாவல்களை அடுத்தடுத்துப் படித்து முடித்தேன். கல்கியின் "பொன்னியின் செல்வன்" இளமையிற் படித்தது. இப்போது இரண்டாம் முறை. ஜெயமோகனின் "காடு", எஸ். ராமகிருஷ்ணனின் "யாமம்", கொலம்பிய நாட்டு எழுத்தாளர் காப்ரியல் கார்சியா மார்க்வெஸின் "தனிமையின் நூறு ஆண்டுகள்" என்னும் மூன்றும் முதன்முறையாகப் படித்தவை. இந்நான்கும் ஓரினத்தன அல்ல. ஆயினும் நான்கிலும் காதல் உண்டு; நான்கிலும் இயற்கைக்கு அப்பாற்பட்டதோ, அவ்வாறு தோன்றுவதோ ஒன்று உண்டு. இவற்றை ஒருங்கு வைத்து நோக்கத் தூண்டியது உயர்வகுப்பு மாணவி ஒருத்தி கேட்ட வினாவாகும். "சேர், நடக்காததை எழுதினால் அது பொய்தானே? பிறகு ஏன் அதைப் படிக்கவேணும்?" என்று அவள் கேட்டாள். உயர்வு நவிற்சியணி, கற்பனை வளம் என்று ஏதோ விடை கூறி அன்றைக்குத் தப்பித்துக்கொண்டேன். அவ்விடை என்னையே திருப்திப்படுத்தவில்லை. இக்கட்டுரை அவ்வினாவுக்குக் காலந்தாழ்த்தி எழுதும் விடையெனக் கொள்ளப்படலாம்.

அற்புதம் தமிழ்க் கதைமரபுக்குப் புதியதன்று. சீவகசிந்தாமணியில் கருவுற்ற அரசி மயிற்பொறியில் ஏறி வானத்திற் பறக்கின்றாள். அந்நூலைக் காதலும் மணமும் மலிந்தமையால் "மணநூல்" என்றே வழங்கினர். ஈழத்து நாவல் பிறந்ததும் அத்தகைய தொட்டிலிலேதான். சித்திலெப்பையின் "அசன்பேயுடைய சரித்திரம்" 1885 ஆம் ஆண்டில் வெளிவந்தது. எகிப்து முதலிய தூர தேசங்களைக் களமாகக் கொண்ட வீரசாகசக் கதை அது. 1891 இல் வந்த இன்னாசித்தம்பியின் "ஊசோன் பாலந்தை கதை", ஐரோப்பாவிலே பன்னெடுங்காலம் வழங்கிய அற்புதக் கதையொன்றின் தழுவல். பிறந்தவுடன் பிரிந்துபோன இரட்டையருள் ஒருவனைக் கரடி வளர்க்க, மற்றவன் அரசவையில் வளர்ந்தான் என்பது அம்மூலக்கதையின் தொடக்கம். திருகோணமலைச் சரவணமுத்துப்பிள்ளையின் "மோகனாங்கி" (1895) நாயக்கர் காலத்துக் காதலைப் பாடுபொருளாகக் கொண்டது. இவற்றின் பின்னரே எமது நாவல் வீட்டு முற்றத்துக்கும் வயல் வரம்புக்கும் இறங்கி வந்தது.

இறங்கி வந்தபின், முன்னிருந்த வானத்தைப் பழிக்கும் வழக்கமும் உடன்வந்தது. பேராசிரியர் கைலாசபதி 1968 இல் வெளியிட்ட "தமிழ் நாவல் இலக்கியம்" என்னும் நூல், யதார்த்தத்தை நாவலின் உயிராகக் கொண்டு ஆராய்ந்த பெருநூல். அந்நூல் வழியே படித்த என் தலைமுறை ஆசிரியர்கள், மனோரதியப் பாங்கான கதைகளை மாணாக்கர்க்குக் கூறுங்கால் ஒரு மன்னிப்புக் கேட்கும் தொனியிற் கூறுவதை வழக்கமாக்கிக்கொண்டோம். நானும் அவ்வாறே செய்தேன். அத்தொனி முற்றிலும் நியாயமானதா என்பதே இப்போது ஆராயத்தக்கது.

ஆராய்வதற்கு ஓர் உரைகல் வேண்டும். அதனை அந்நிய நாட்டுத் திறனாய்வு நூல்களிலே தேடவேண்டியதில்லை. நயினாதீவுக்குப் படகேறிச் செல்வோர் யாவரும் கேட்டறிந்த கதையிலேயே அஃது உண்டு. மணிமேகலையின் மணிபல்லவம் நயினாதீவே என்று கொள்வாரும் உளர், மறுப்பாரும் உளர். அவ்வழக்கினுள் நாம் புகவேண்டியதில்லை. கதையை மட்டும் நோக்குவாம். உதயகுமரன் என்னும் சோழ இளவரசன் மணிமேகலையை விரும்புகின்றான். அவள் உள்ளமும் அவன்பாற் செல்கின்றது. தெய்வம் ஒன்று அவளைத் துயிலும்போதே தூக்கிக் கடல்கடந்த தீவில் வைக்கின்றது. அவ்விடத்துப் பீடிகையாலே, முற்பிறப்பில் அவன் தன் கணவனாயிருந்தான் என்பதை அவள் அறிகின்றாள். வேற்றுருக் கொள்ளவும், வானிற் பறக்கவும், பசியை வெல்லவும் மந்திரங்கள் பெறுகின்றாள். அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியும் பெறுகின்றாள். இத்தனை அற்புதங்களும் கைவரப்பெற்ற ஒருத்தி தன் காதலனைக் காப்பாற்றுவாள் என்றுதானே எதிர்பார்ப்போம்? நடப்பது வேறு. அவனுக்கு மறையும்பொருட்டு அவள் காயசண்டிகை என்னும் விஞ்சை மகளின் உருவத்தை எடுக்கின்றாள். அவ்வுருவத்தைத் தன் மனைவியெனக் கருதிய காஞ்சனன், அவள்பின் வந்த உதயகுமரனை வாளால் வெட்டி வீழ்த்துகின்றான். எந்த மாயம் அவளைக் காத்ததோ அந்த மாயமே அவனைக் கொன்றது.

சாத்தனார் அற்புதத்தை அஞ்சாது கையாண்டார். ஆயின் அதனைக் கொண்டு துயரைத் துடைக்கவில்லை. மந்திரம் மூன்று கற்றவளும் இறந்தவன்முன் நின்று ஏனைய மகளிர்போலவே அரற்றுகின்றாள். இதிலிருந்து நான் பெற்ற அளவுகோல் இது: கதையில் வரும் மாயம் கதைமாந்தரின் இழப்பை ஈடுசெய்துவிடுமாயின் அது பொய், அவ்விழப்பு எவ்வளவு பெரிது என்று நமக்குக் காட்டுமாயின் அது மெய். வார இதழ்த் தொடர்கதைகள் சிலவற்றில், கடைசி அத்தியாயத்திற் சித்தர் ஒருவர் மூலிகையோடு வந்து, உயிர்போன நாயகியை எழுப்பி மாலை மாற்றி வைப்பார். அத்தகைய கதை படித்து மூடியவுடன் மறந்துபோவதன் காரணம் இதுவே. இனி, நான்கு நாவல்களையும் இவ்வளவுகோல் கொண்டு நோக்குவாம்.

"பொன்னியின் செல்வன்" 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாரந்தோறும் வந்து, ஐந்து பாகங்களாக அமைந்த பெருநாவல். யாழ்ப்பாணத்து வீடுகளில், இதழிலிருந்து கிழித்தெடுத்துத் தாமே கட்டிவைத்த பிரதிகளைக் கண்டோர் இன்றும் உளர். கல்கி பேய்களை நம்பும் எழுத்தாளர் அல்லர். கோடிக்கரைச் சதுப்பு நிலத்தில் இரவிலே தோன்றும் கொள்ளிவாய்ப் பேய்களைக் காட்டி நம்மை அச்சுறுத்திவிட்டு, அவை நிலத்தின் இயல்பால் எழும் நெருப்பு என்று உடனே விளக்கியும் விடுகின்றார். எமது கடலிலுள்ள பூதத்தீவுக்கும் அவ்வாறே. போதத்தீவு என்பதே பூதத்தீவு என மருவிற்று என்கின்றார். ஆயினும் அவருடைய பூங்குழலி அப்பேய்களையே தன் காதலர் என்கின்றாள். அரசகுமாரனை விரும்பிய ஓடக்காரப் பெண் வேறு யாரைத்தான் காதலர் என்று துணிந்து சொல்லமுடியும்? விளக்கம் கூறப்பட்ட பின்னரும் அந்நெருப்பு நம் மனத்தில் அணையாமல் எரிவதற்குக் காரணம், அது சதுப்பு நிலத்துக்கு மட்டும் உரியதன்று, அப்பெண்ணின் அடைய முடியாத ஆசைக்கும் உரியது என்பதேயாகும்.

மந்தாகினியின் கதை இதனினும் சிறந்தது. ஊமைப் பெண்ணாகிய அவளைச் சுந்தரசோழர் இளமையிற் காதலித்தார். அவள் இறந்தாளென்று நம்பினார். இரவிலே அவளைக் கண்டபோதெல்லாம் பேயென்று நடுங்கினார். பல்லாண்டு கழித்து, அவள் பேயன்று, உயிரோடிருக்கும் பெண் என்று அறிந்துகொள்கின்றார். அறிந்த சிறிது நேரத்துக்குள், அவருக்கென எறியப்பட்ட வேலைத் தன் உடலில் ஏற்று அவள் மடிகின்றாள். பேய் என்னும் மயக்கம் நீங்கியதால் அரசர்க்குக் கிடைத்தது அவளை உண்மையாகவே இழக்கும் உரிமை ஒன்றுதான். சாத்தனாரின் உரைகல்லில் உரைத்தாலும் இப்பகுதி மாற்றுக் குறையாது.

குறைகளும் உள. பூங்குழலியின் முடிவு எனக்கு உவப்பாக இல்லை. கொந்தளிக்கும் கடலிலே தனியே படகு செலுத்தியவளை, சேந்தன் அமுதன் அரசுரிமையாளன் என்று தெளிந்தபின், சோழ அரண்மனையின் அரசியாக அமர்த்திவிடுகின்றார் கல்கி. எட்டாத அரசகுமாரனுக்குப் பதிலாக எட்டிய அரசன் ஒருவன்! இதுவே இழப்பை ஈடுசெய்தல் என்று நான் மேலே கூறியது. பிறப்பு மறைபொருள்களும் ஆள்மாறாட்டங்களும் கடைசிப் பாகத்தில் அளவுக்கு மிஞ்சிக் குவிகின்றன.

இவ்வளவையும் குறித்துக்கொண்டபோது, அருள்மொழிவர்மர் திரும்பி வரும் பகுதியையும் குறையாகவே எழுதியிருந்தேன். இளவரசர் கடற்புயலில் மாண்டார் என்று சோழநாடு முழுவதும் கதறுகின்றது. அவரோ நாகபட்டினத்துச் சூடாமணி விகாரத்தில் நலமாக இருக்கின்றார். பின்னர் மக்கள் முன் வெளிப்படுகின்றார். கடல்கொண்டதாகக் கருதியவர் மீண்டு வருதல் அற்புதக் கதைகளின் மிகப் பழைய தந்திரம். மலிவான ஆறுதல் என்று குறிப்பெழுதி மூடினேன். விடுமுறை கழிந்து பாடசாலை தொடங்கியபோது, முன்னர் வினாவிய அதே மாணவி நூலகத்துக்கு இரண்டாம் பாகத்தைத் திருப்பிக் கொடுத்து மூன்றாம் பாகம் கேட்டு வந்தாள். தான் படிப்பதன்றி, கண்பார்வை குன்றிய அம்மம்மாவுக்கும் இரவில் வாசித்துக் காட்டுவதாகக் கூறினாள். அவ்வம்மையாரின் மகன் 2009 ஆம் ஆண்டின் பின் வீடு திரும்பாதவர். சில வாரங்களின் பின் மாணவியைக் கண்டு, கதை எவ்வளவில் நிற்கின்றது என்று கேட்டேன். இளவரசர் உயிரோடிருக்கிறார் என்று தெரியும் இடத்தை வாசித்தபோது அம்மம்மா சற்றுநேரம் பேசாதிருந்துவிட்டு, "கதையிலயெண்டாலும் பிள்ளை வந்து சேர்ந்திட்டுது" என்றாராம்.

அச்சொற்களைக் கேட்டபின் என் குறிப்பை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். மலிவான ஆறுதல் என்று நான் எழுதியதை அம்மூதாட்டி ஆறுதலாக ஏற்கவில்லை. "கதையிலயெண்டாலும்" என்னும் ஒரு சொல்லில், கதைக்கு வெளியே வராத ஒருவர் நிற்கின்றார். கல்கி கருதியோ கருதாமலோ எழுதிய அற்புதம், அவ்வம்மையார் வாய்விட்டுச் சொல்லாதிருந்த ஒன்றைச் சொல்வதற்கு ஒரு வாயிலைத் திறந்துவிட்டது. அளவுகோல் பிழையன்று, அதனைப் பிடித்த என் கைதான் சற்று அவசரப்பட்டது. ஒரு மாயம் இழப்பை மூடுகின்றதா காட்டுகின்றதா என்பது நூலில் மட்டும் தங்கியிருப்பதன்று. எந்த முற்றத்தில் இருந்து யார் படிக்கின்றார் என்பதிலும் தங்கியிருக்கின்றது.

இத்தெளிவோடு ஏனைய மூன்று நூல்களுக்கும் செல்வாம். "காடு" 2003 இல் வெளிவந்தது. குமரி நாட்டு எல்லையை அடுத்த மலைக்காட்டில், மாமனின் ஒப்பந்த வேலையாக மதகு கட்டும் இடத்துக்கு வருகின்றான் கிரிதரன் என்னும் இளைஞன். அங்கே நீலி என்னும் மலைப்பெண்ணைக் காண்கின்றான். கதை தொடங்கும்போது கிரிதரன் முதிர்ந்தவன். தான் முன்னர் வேலைபார்த்த மதகிலே, சீமெந்து காயுமுன் மிதித்துச் சென்ற மிளாவின் காலடி இன்னும் பதிந்திருப்பதைக் காண்கின்றான். மிளா என்பது எம்மவர் மரை என்பதற்கு இனமான பெருமான். அக்காலடி இந்நாவல் முழுவதற்கும் போதிய குறியீடு. விலங்கு போய்விட்டது, அடி நிலைத்துவிட்டது.

இந்நூலில் தேவரும் மந்திரமும் கதையை நடத்துவதில்லை. யட்சியும் நீலியும் பற்றிய நாட்டார் நம்பிக்கைகள் காட்டின் ஈரம்போல எங்கும் ஊறிக் கிடக்கின்றன. சங்கக் குறிஞ்சிப் பாடல்களில் தோய்ந்த பொறியியலாளர் ஐயர் ஒருவர் வருகின்றார். அவர் வாயிலாகக் கபிலரின் மலை கிரிதரனின் மலையோடு கலக்கின்றது. காதலுற்றவன் கண்ணுக்குக் காடு முழுவதும் அற்புதமாகின்றது. காட்டின் உயிர்களுக்கோ அது வெறும் வாழிடம். நீலி காய்ச்சலில் இறக்கின்றாள். எந்தத் தெய்வமும் குறுக்கிடவில்லை. கிரிதரன் மாமன் மகளை மணந்து, தோல்விகள் பல கண்டு, முதுமையெய்துகின்றான். பாடப்புத்தகத்திலே குறிஞ்சித்திணை என்றால் புணர்தலும் புணர்தல் நிமித்தமும் என்று மனனம் செய்வித்த எனக்கு, இந்நாவல் அத்திணையை மழையாகவும் அட்டைக்கடியாகவும் காய்ச்சலாகவும் உணர்த்தியது. தமிழ் ஆசிரியர்கள் இதனைப் படித்தல் நன்று.

ஆயினும் ஒரு மனக்குறையைக் கூறாதிருத்தல் இயலாது. நீலி பேசுவது மிகக் குறைவு. அவள் என்ன நினைத்தாள், கிரிதரனை அவள் எவ்வாறு கண்டாள் என்பது நமக்குத் தெரியாமலே போகின்றது. அவன் கண்ணுக்கு அவள் மலையாகவும் சுனையாகவும் பாட்டாகவும் இருக்கின்றாள். பெண்ணாக இருந்த நேரம் சிறிது. நினைவிலே வாழும் ஒருத்தி அவ்வாறுதான் இருப்பாள் என்று ஆசிரியர் சார்பில் விடை கூறலாம். ஆனால் கல்கியின் பூங்குழலி தன் காதலைத் தானே பாடினாள், தன் படகைத் தானே செலுத்தினாள் என்பதை நினைக்கும்போது, ஐம்பது ஆண்டு பின்வந்த நாவலிலே பெண்ணின் குரல் குன்றியிருப்பது வியப்பாகவே உள்ளது.

எஸ். ராமகிருஷ்ணனின் "யாமம்" 2007 இல் வெளிவந்தது. கும்பினியார் காலத்துச் சென்னையிலே அப்துல் கரீம் என்னும் அத்தர் வணிகர் வாழ்கின்றார். பக்கீர் ஒருவரின் அருளால் அவர் குலத்துக்குக் கிடைத்த யாமம் என்னும் அத்தர், இரவையே வாசனையாக வடித்தது. அதன் செய்முறை ஆண்வாரிசுக்கே உரியதாகையால், மகன் வேண்டி மூன்று மனைவியரை மணக்கின்றார், சூதிலே செல்வத்தை இழக்கின்றார், குடும்பம் சிதைகின்றது. இக்கதையோடு வேறு சில கதைகளும் இணைந்து செல்கின்றன. நாயொன்றின் பின்னே ஊரூராகச் செல்லும் சதாசிவப் பண்டாரத்தின் கதை ஒன்று. நில அளவைப் பணியிலுள்ள பத்ரகிரியின் கதை மற்றொன்று. இங்கிலாந்துக்குக் கணிதம் கற்கச் சென்ற தம்பி திருச்சிற்றம்பலத்தின் மனைவி தையலைக் காக்கவேண்டிய பத்ரகிரியே, அவள்பால் மனம் வைக்கின்றான்.

லாம்டன் என்னும் ஆங்கிலேயர் 1802 இல் சென்னையில் தொடங்கிய பெரு நில அளவை வரலாற்று நிகழ்ச்சி. பகலெல்லாம் சங்கிலி பிடித்து நாட்டை அளக்கும் ஒருவன், இரவில் தன் மனத்தை அளக்க வகையின்றித் தடுமாறுகின்றான் என்பது ஆசிரியரின் நுண்ணிய பார்வை. நூலின் உயிர் இங்கேதான் உள்ளது. அத்தரின் கதையோ அவ்வாறன்று. அந்த வாசனை மனிதரை மயக்குவதாக ஆசிரியர் பலகாற் சொல்கின்றார், நான் மயங்கவில்லை. ஒரு பொருள் அற்புதமானது என்று கூறுவது எளிது. அதனால் ஒருவர் எதனை இழந்தார் என்று காட்டும்போதே அவ்வற்புதம் நம்பத்தக்கதாகும். கரீமின் வீட்டில் அவ்விலை கொடுத்தவர் மூன்று மனைவியர். அவர்களுடைய வறுமையைக் காட்டும் பக்கங்களில் கதை எழுந்து நிற்கின்றது. வாசனையை வருணிக்கும் பக்கங்களில் மொழி அழகாக இருக்கின்றது, அவ்வளவே. கதைகள் ஒன்றோடொன்று நெகிழ்ந்தே தொடுக்கப்பட்டுள்ளமையும் குறிப்பிடத்தக்கது.

ஈற்றிலே வைத்துப் படித்தது "தனிமையின் நூறு ஆண்டுகள்". ஸ்பானிய மொழியில் 1967 இல் வெளிவந்த இந்நாவலின் ஆசிரியர் 1982 இல் நோபெல் பரிசு பெற்றார். 2013 இல் தமிழாக்கம் வெளிவந்தது. மகோந்தா என்னும் கற்பனையூரில் ஒரு குடும்பத்தின் தலைமுறைகள் வாழ்ந்து மடிவதே கதை. ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருதலால் முதல் நூறு பக்கங்கள் கடினமாகும். பேரனுக்குப் பாட்டனின் பெயரிடும் எமது வழக்கை நினைத்துக்கொண்டு படித்தால் இலகுவாகும். வீட்டு வமிசாவளி எழுதுவதுபோல ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு நான் படித்தேன்.

இந்நூலில் அற்புதங்கள் மலிந்துள்ளன. மொரீஷியோ பாபிலோனியா என்னும் தொழிலாளி செல்லுமிடமெல்லாம் மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் சூழ்ந்து வருகின்றன. அவனைக் காதலித்த மெமே என்னும் பெண் அப்பூச்சிகளைக் கொண்டே அவன் வருகையை அறிகின்றாள். அவள் தாய் காவலாளி ஒருவனை நிறுத்துகின்றாள். கோழி திருட வந்தவனென்று அவன் சுடப்பட்டு, எஞ்சிய வாழ்நாளெல்லாம் படுக்கையிற் கிடக்கின்றான். கன்னியர் மடத்துக்கு அனுப்பப்பட்ட மெமே அதன்பின் ஒரு சொல்லும் பேசவில்லை. அத்தனை வண்ணத்துப்பூச்சிகளாலும் ஒரு குண்டைத் தடுக்க முடியவில்லை. வேறோரிடத்தில், சுடப்பட்டு இறந்த மகனின் குருதி வாசலுக்கு வெளியே ஒழுகி, தெருக்கள் பல கடந்து, விரிப்புகளிற் கறைபடாமல் சுவரோரமாகச் சென்று, தாயின் அடுக்களையை அடைகின்றது. மகனின் சாவு தாய்க்கு எவ்வாறு தெரியவருகின்றது என்பதை இதனினும் உண்மையாகச் சொல்லிய பகுதியை நான் படித்ததில்லை. அவ்வாறு தெரியவராத தாய்மார் உள்ள நாட்டில் வாழ்வோர்க்கு, அக்குருதியின் வழி ஒரு பேறு போலவும் தோன்றக்கூடும்.

நூலின் நடுநாயகமான நிகழ்ச்சி ஒன்று உண்டு. வாழைத்தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்ய, புகையிரத நிலையத்தில் கூடிய கூட்டத்தைப் படையினர் சுட்டு வீழ்த்துகின்றனர். உடல்களை ஏற்றிச்சென்ற புகையிரதத்திலிருந்து தப்பிய ஒருவன் ஊருக்கு வந்து, இறந்தோர் மூவாயிரம்பேர் என்கின்றான். இங்கே யாரும் இறக்கவில்லை என்று ஊர் விடை கூறுகின்றது. பின்னர் நான்கு ஆண்டு, பதினொரு மாதம், இரண்டு நாள் மழை பெய்கின்றது. இதற்கு அடிப்படை 1928 இல் கொலம்பியாவில் உண்மையாக நிகழ்ந்த படுகொலை. இந்நாவலில் நம்பமுடியாததாகத் தோன்றுவது வண்ணத்துப்பூச்சியன்று; "யாரும் இறக்கவில்லை" என்னும் அந்த விடைதான். கிளிநொச்சியில் 2017 ஆம் ஆண்டு மாசி மாதத்தில், காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் வீதியோரத்தில் அமர்ந்து கேட்கத் தொடங்கிய வினாவை அறிந்தோர்க்கு இப்பகுதிக்கு உரை தேவையில்லை. நடந்ததை நடக்கவில்லை என்று கூறும் உலகில், நடக்காததை எழுதும் கதைஞன் உண்மையின் பக்கத்தில் நிற்கின்றான். யதார்த்தத்தை நாவலின் உயிரென்று போற்றிய எம் முன்னோரும் இதனை மறுக்கமாட்டார் என்றே எண்ணுகின்றேன்.

மார்க்வெஸ் தமக்கு இந்நடை கைவந்தது தம் பாட்டியிடமிருந்து என்று கூறியுள்ளார். எத்துணை அதிசயத்தையும் முகம் மாறாமல், அடுத்த வீட்டுச் செய்தி போலப் பாட்டி சொல்வாராம். பேரறிஞரைச் சான்றுகாட்டும் வழக்கமுடைய என்போன்றோர்க்கு இது ஒரு நல்ல பாடம். எனக்கும் இந்நான்கு நூல்களைப் படிக்கும் முறையைக் காட்டியவர் ஒரு மூதாட்டியே.

தொகுத்துக் கூறுவாம். பொன்னியின் செல்வனை மந்தாகினிக்காகவும் பூங்குழலியின் படகுக்காகவும் படிக்கலாம். முடிச்சுகளுக்காகப் படிக்க வேண்டியதில்லை. காட்டை, நீலியின் மௌனத்தைக் குறித்துவைத்துக்கொண்டே, குறிஞ்சியின் மெய்யான உரையாகப் படிக்கலாம். யாமத்தை வாசனைக்காக எடுத்து, நில அளவையாளனுக்காக முடிக்கலாம். மார்க்வெஸின் நூலைப் பொறுமையுள்ளோர் அனைவரும் படித்தல் வேண்டும். உயர்வகுப்பு நூலகங்களில் இவை நான்கும் பூட்டிய அலுமாரிக்குள் இராமல், கையெட்டும் தட்டில் இருத்தல் நன்று.

மாணவிக்கு நான் சொன்ன விடையையும் கூறி முடிப்பேன். "நடக்காததை எழுதினால் பொய்தான், பிள்ளை, ஆனால் நடந்ததைச் சொல்ல வேறு வழியில்லாதபோது மனிசர் அப்படித்தான் சொல்லியிருக்கினம்" என்றேன். அவள் ஒப்புக்கொண்டாளோ என்பது தெரியவில்லை. ஐந்தாம் பாகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்த நாளில் ஒரு செய்தி மட்டும் சொன்னாள். இளவரசர் திரும்பி வந்த இடத்தை அம்மம்மா மறுபடி கேட்கவில்லையாம். ஊமைப் பெண் வேலை ஏற்று இறக்கும் அத்தியாயத்தை மட்டும் இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டாராம்.